டச்சக்கா விட்ட இடைவெளி

அவளுக்கு டச்சக்கா என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. டச்சு மொழி பேசுகிற நாட்டை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். பத்தொன்பது வயதில் ஒரு கப்பல் கம்பெனிக்கு டைப் அடிக்கப் போனாள். அங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் டச்சு. ஒரு எழவும் புரியாமல் ஆறு மாதம் தட்டினாள். ஏழாவது மாதம், முதலாளி எழுதிய கடிதத்தில் ஒரு வினைச்சொல் இடம் மாறி நிற்கிறது என்று அவரிடமே போய்ச் சொன்னாளாம். அவர் சம்பளத்தைக் கூட்டினாரா, முறைத்தாரா என்று கேட்டால், "ரெண்டும்தான்" என்பாள்.

அப்புறம் தபால்வழி மொழிப் பள்ளிக்கு வந்தாள். வந்தவள் முப்பத்தைந்து வருடமாக அதே மேசை, அதே சிவப்புப் பேனா. மாணவர்கள் எழுதி அனுப்புகிற பயிற்சித் தாள்களும் சந்தேகக் கடிதங்களும் அவள் தட்டுக்கு வரும். அவள் திருத்துவாள். திருத்தும்போது அவள் கண் ஒன்றே ஒன்றைத்தான் தேடும்: வினைச்சொல் எங்கே நிற்கிறது? "என் மாமனார் நேற்று செத்தார்" என்று ஒருவன் எழுதினால், ஐயோ பாவம் என்று யாருக்கும் தோன்றும் இல்லையா? அவளுக்குத் தோன்றாது. செத்தது சரியான இடத்தில்தானா என்று பார்த்து டிக் போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவாள். கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. வேலை அப்படி ஊறிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கதை அந்த ஊறிப்போன பழக்கத்தால் வந்த வினை.

அவள் கணவர் அதே பள்ளியில் ஒலிப்பதிவு பார்த்தவர். பள்ளியில் எல்லாருக்கும் அவர் ஸ்விட்ச். எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஒரு ஸ்விட்சைப் போட்டுப் பார்க்காமல் உட்கார மாட்டார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். மனைவியை வீட்டிலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவளுடைய இருபத்து நான்கு பாடங்களையும் டேப்பில் ஏற்றுகிற பொறுப்பு அவருக்கு வந்தது. இரண்டாம் மாடியில் காகிதக்கட்டு வைக்கிற அறையைக் காலி செய்து, ஜன்னலுக்கு இரண்டு கம்பளியை ஆணியடித்து, ஒரே மேசையின் இந்தப் பக்கம் மைக்கும் அந்தப் பக்கம் டேப் மெஷினும் வைத்தார்கள். கண்ணாடித் தடுப்பு கிடுப்பு எதுவும் இல்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து பாடம் பதிந்தார்கள்.

பதிவதில் ஒரு முறை உண்டு. அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். அதைக் கேட்கிற மாணவன் திருப்பிச் சொல்ல வேண்டாமா? அதற்கு இடைவெளி விட வேண்டும். எவ்வளவு விடுவது? ஸ்விட்ச் அதற்குக் கடிகாரம் பார்க்கவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மாணவன் மாதிரி அவரே அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்ப்பார். முடிந்ததும் விரலைத் தூக்குவார். அவள் அடுத்ததைப் படிப்பாள். "உதடுதான் அசையும், சத்தமே வராது" என்று அவர் அடித்துச் சொல்வார். ஹெட்போன் மாட்டியவனுக்குத் தன் சத்தம் தெரியுமா? உஸ் உஸ் என்று வந்துகொண்டுதான் இருந்தது. விற்பனைக்குப் போகிற டேப்பில் அந்த இடங்களையெல்லாம் அவரே வெறுமையாக்கிவிடுவார். மூல டேப்பில் மட்டும் அது அப்படியே கிடந்தது.

முறையாகப் படிக்காமலே, இப்படி முணுமுணுத்தே அவரும் டச்சு கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்று சொன்னால் அவள் அடிக்க வருவாள். அவருடைய தகராறெல்லாம் 'ஹூவெல்' என்ற ஒரு சொல்லோடு. நாம் 'பெய்தாலும்', 'இருந்தாலும்' என்று சொல்கிறோமே, அந்த 'ஆலும்' வேலையைச் செய்கிற சொல். அது வந்தால் முதல் பாதியில் வினைச்சொல் நம் ஊர் வழக்கப்படி கடைசிக்குப் போய்விடும். ஆனால் பின்பாதியில் ஆளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும். மழை பெய்தாலும், போகிறான் அவன் வெளியே.

"ரெண்டு வினைச்சொல்லும் மூஞ்சிக்கு மூஞ்சி முட்டிக்குது டீச்சர். நடுவுல அந்தக் கமா மட்டும் இல்லன்னா அடிதடிதான்" என்பார்.

"உங்க வாயில அது முட்டவே மாட்டேங்குதே. உங்களுக்கு ஒரு டிக் போடற நாள் இந்த ஜென்மத்துல வராது" என்பாள் அவள்.

வரத்தான் இல்லை. இருபத்திரண்டாம் பாடம் பதிந்து மூன்றாவது வாரம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோராவது நாள் போய்விட்டார். மகளுக்கு அப்போது நான்கு வயது. டாக்டர் வெகு சாதாரணமாக, "ஆறு மாசமா அவருக்குத் தெரியுமேம்மா, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. பக்கத்தில் படுத்தார், எதிரில் உட்கார்ந்தார், ஒரே தட்டில் சாப்பிட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் அழவில்லை. "சொல்லாம போயிட்டார்" என்று மட்டும் சொன்னாள். இருபத்தாறு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போட்டோவை மகளின் அறையில் மாட்டினாள். தன் அறையில் மாட்டவில்லை.

பாக்கி இரண்டு பாடத்தையும் பள்ளிக்காரர்கள் கேட்டார்கள். பதினாறாம் நாள் போய் உட்கார்ந்தாள். தானே பட்டனை அழுத்தி, தானே படித்தாள். இடைவெளிக்கு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நான்குக்கு மேல் எண்ண அவளால் முடியவில்லை.

இப்போது அவளுக்கு அறுபத்திரண்டு. பள்ளியின் பாடங்களை ஃபோனில் போடப்போகிறோம் என்று மேனேஜர் கிளம்பினார். அவளுடைய இப்போதைய குரலைக் கேட்டுவிட்டு, "பழைய டேப்பே இருக்கட்டும்க்கா" என்று நாசூக்காகச் சொன்னார். இடைவெளியை ஃபோனே விட்டுக்கொள்ளுமாம். ஆகவே டேப்பில் இருக்கிற இடைவெளியையெல்லாம் வெட்டி எறிய வேண்டும். அந்த வேலைக்கு ஒரு எடிட்டர் வந்தாள். நாற்பது வயது, இரட்டைப் பிள்ளைகளின் தாய், வாய் ஓயாதவள். மெல்லிய சத்தம் எதுவானாலும் தானே வெட்டிவிடுகிற ஏற்பாடு அவள் கம்ப்யூட்டரில் இருந்தது. பத்தொன்பது பாடம் மளமளவென்று முடிந்தது. முடிந்த டேப்புகளைத் தொட்டால் பழுப்புத் தூளாக உதிர்ந்தன. அப்படியே குப்பைக்குப் போயின.

இருபதாம் பாடத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டாள். வெட்டுகிற ஏற்பாட்டைப் போட மறந்துவிட்டாள். பகல் இரண்டு மணி. அறையில் ட்யூப்லைட் எரிகிறது, வெளியே லாரி போகிறது, பயப்பட ஒரு காரணமும் இல்லை. டச்சக்காவின் முப்பத்தாறு வயதுக் குரல் ஒரு வாக்கியம் சொல்லி நின்றது. நின்ற இடத்தில் யாரோ பேசினார்கள்.

எடிட்டர் ஹெட்போனைக் கழற்றி எறிந்த சத்தம் பக்கத்து அறைக்கே கேட்டது.

"அக்கா! இங்க வாங்களேன். சீக்கிரம் வாங்க!"

டச்சக்கா மூக்குக்கண்ணாடியோடு வந்தாள். "என்ன, டேப்பு அறுந்துபோச்சா?"

"டேப்பு சுத்திச் சுத்தி இருக்கும்ல, ஒரு சுத்துல இருக்கிற சத்தம் அடுத்த சுத்துல ஒட்டிக்கும். அது நான் நிறையக் கேட்டிருக்கேன். ஆனா அப்படி ஒட்டினா உங்க குரல்தானே ஒட்டணும்? இது ஆம்பளக் குரல்க்கா."

ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டிப் போட்டாள். இரைச்சலுக்கு நடுவே, காதோரம் வாய் வைத்தது போல ஒரு முணுமுணுப்பு. மூச்சு முதலில் வந்தது, சொல் பின்னால் வந்தது. டச்சக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருடமாக அவர் குரல் எங்கேயும் இல்லை. எல்லார் குரலையும் பதிந்த மனிதர், தன் குரலைப் பதிந்ததே இல்லை. அப்பா எப்படிப் பேசுவார் என்று மகள் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"யாருக்கா அது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள். பிறகு காதைக் கூர்மையாக்கினாள். "தப்பாத்தான் சொல்றார், பாவி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அடுத்த நொடியே குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினாள். பத்தொன்பது பாடத்தின் இடைவெளிகள் போய்விட்டன. அவருடைய பத்தொன்பது பாடம். மிச்சம் இருப்பது ஐந்தே ஐந்து டேப். அதிலும் கடைசி இரண்டில் அவர் இல்லை.

"இனிமே ஒண்ணையும் வெட்டாதே" என்றாள். மேனேஜர் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்லியிருப்பதை எடிட்டர் நினைவுபடுத்தினாள். "அவருக்கு வெட்டினதைக் குடு. எனக்கு வெட்டாததைக் குடு" என்றாள் டச்சக்கா.

இருபத்தொன்று முடிந்தது. அதிலும் அவர் வாக்கியங்களைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை இருபத்திரண்டு. ஹூவெல் பாடம். டச்சக்கா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எடிட்டர் சுழலவிட்டாள்.

'அவனுக்குக் காய்ச்சல் அடித்தாலும், போகிறான் அவன் வேலைக்கு' என்றது இளம் குரல், டச்சு மொழியில்.

முணுமுணுப்பு வந்தது. டச்சக்கா பழக்கதோஷத்தில் வினைச்சொல் எங்கே என்று பார்த்தாள். கச்சிதமாக நின்றது. கமாவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மூஞ்சிக்கு மூஞ்சி. அட, சரியாகச் சொல்லிவிட்டாரே என்று வாய் திறந்தவள் அப்படியே நின்றாள். வாக்கியம் வேறு.

'எனக்கு உடம்பு முடியாவிட்டாலும், போகிறேன் நான் வேலைக்கு.'

"என்னக்கா சொல்றார்?" எடிட்டருக்கு அந்த மொழி தெரியாது.

"பாடத்தைத் திருப்பிச் சொல்றார்" என்றாள் டச்சக்கா.

'அவள் வீடு தூரமாக இருந்தாலும், வருகிறாள் அவள் நடந்து.'

'டாக்டர் சொல்லிவிட்டாலும், நம்பவில்லை நான் அதை.'

'கதவு திறந்திருந்தாலும், நுழையவில்லை பூனை உள்ளே.'

'அவள் எதிரிலேயே இருந்தாலும், வரவில்லை சொல் எனக்குத் தமிழில்.'

டேப் சுழன்றுகொண்டே இருந்தது. அவள் ஒரு வாக்கியம், அவர் ஒரு வாக்கியம். ஒருத்தி பூனையையும் மழையையும் பற்றிச் சொல்கிறாள், ஒருவர் தன் சாவைப் பற்றிச் சொல்கிறார். இரண்டும் ஒரே அளவு. இடைவெளியை விட்டு ஒரு சொல் வழியவில்லை. பாடத்தின் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு அவர் சொன்னது: 'நான் சொல்லிவிட்டாலும், கவனிக்கவில்லை அவள்.'

டச்சக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த உஸ் உஸ் சத்தம் அன்றைக்கு அவள் காதில் விழுந்தது. நன்றாக நினைவிருக்கிறது. வழக்கமான முணுமுணுப்புதானே என்று தலை குனிந்து அடுத்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். வாழ்நாளில் முதல் தடவையாக எல்லாவற்றையும் சரியான வரிசையில் சொல்லியிருக்கிறார், திருத்துகிறவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. 'சொல்லாம போயிட்டார்' என்று இருபத்தாறு வருடம் ஊரெல்லாம் சொன்னாளே, அந்தப் பழியை இப்போது யார் தலையில் வைப்பது?

எடிட்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கேள்வி கேட்காமல் இருந்தது அந்த வாரத்தில் அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை. இருபத்து மூன்றாம் பாடத்தில் இடைவெளிகள் வெறுமையாக இருந்தன, மெஷினின் ரீங்காரத்தைத் தவிர. இருக்கத்தானே வேண்டும்? அவர் போய்ப் பதினாறாம் நாள் பதிந்தது. டச்சக்கா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. இருபத்து நான்காம் பாடமும் கடைசிவரை அப்படியேதான் ஓடியது. கடைசிக்கு முந்தின வாக்கியம் வந்தது. 'மழை பெய்தாலும், போகிறார்கள் அவர்கள் வெளியே.'

மூச்சு முதலில் வந்தது.

எடிட்டரின் கை மெஷின் மேல் அந்தரத்தில் நின்றது. சொல் பின்னால் வந்தது. ஹூவெல். 'நீ கவனிக்காவிட்டாலும்,' என்று சொல்லிக் கமாவுக்காக அவர் மூச்சு வாங்கிய இடத்தில், முப்பத்தாறு வயது டச்சக்காவின் குரல் படாரென்று விழுந்து கடைசி வாக்கியத்தைப் படித்தது. நான்கு எண்ணி முடிந்திருந்தது. டேப்பும் முடிந்தது.

"பழைய டேப்பு மேலயே பதிஞ்சிருப்பீங்கக்கா. அடியில இருந்தது லேசாக் கேட்குது, அவ்வளவுதான்" என்றாள் எடிட்டர், அவசர அவசரமாக.

"புது டேப்பு. உறையை நான்தான் கிழிச்சேன்."

எடிட்டர் கம்ப்யூட்டரில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். டச்சக்கா நிறுத்துகிற இடத்தில் தொடங்குகிறது. அவள் தொடங்குகிற இடத்தில் அறுபடுகிறது. எடிட்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். "எனக்கு வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்குக்கா" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ, ஆனால் டச்சக்காவுக்குப் புரிந்தது.

அன்றைக்கு வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். முப்பது வயதுப் பெண், அம்மாவை அதட்டியே பழக்கப்பட்டவள், அன்றைக்கு அதட்டவில்லை. முணுமுணுப்பை ஃபோனில் மூன்று தடவை கேட்டாள். "அப்பாவுக்கு இவ்வளவு மெல்லிய குரலாம்மா?" என்றாள்.

"நீ கவனிக்காவிட்டாலும்னு ஆரம்பிச்சிருக்கார்டி. அப்புறம் என்ன சொல்ல வந்தார்? உன்னை மன்னிக்க மாட்டேன்னா? மன்னிச்சிட்டேன்னா? நான்தான் அவசரக்குடுக்கை, நடுவுல விழுந்து பேசிட்டேன்."

"அம்மா, அவர் செத்து..."

"தெரியும். எனக்கு எண்ணத் தெரியும்."

திங்கட்கிழமை அவள் எடிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி பதிய வேண்டும். மேனேஜர் கேட்டால் டேப் உதிர்ந்துவிட்டது என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. இன்னொன்று. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வருகிற இடைவெளியை வெட்டக் கூடாது. எடிட்டர் முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மைக்கை எடுத்து வைத்தாள்.

டச்சக்கா எதிரே ஒரு காலி நாற்காலி போட்டுக்கொண்டாள். படித்தாள். மழை பெய்தாலும், போகிறார்கள் அவர்கள் வெளியே. இந்தத் தடவை எண்ணவில்லை. அவர் செய்கிற மாதிரி உதடு மட்டும் அசைய அந்த வாக்கியத்தை ஒரு முறை வாய்க்குள் சொன்னாள். பிறகு தலை நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தாள். எடிட்டர் ஹெட்போனைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்தாள். சத்தத்தைக் காட்டுகிற கோடு ஆடவே இல்லை. நேரம் போனது. டச்சக்காவே விரலைத் தூக்கி முடித்தாள்.

"ஒண்ணும் வரலக்கா. மூச்சுச் சத்தம்கூட இல்ல. உங்க மூச்சுகூட இல்ல" என்றாள் எடிட்டர். பாவம் போல.

"பரவால்ல. இடத்தையாவது விட்டேன்" என்றாள் டச்சக்கா.

பாடம் ஃபோனில் வெளியானது. கடைசிப் பாடத்தில் டீச்சருக்குத் திடீரென்று வயதாகிவிடுகிறதே என்று இரண்டு பேர் எழுதிக் கேட்டார்கள். அந்த இடத்தில் ஃபோன் நின்றுபோகிறது என்று ஐந்தாறு பேர் புகார் சொன்னார்கள். மேனேஜர் சிடுசிடுத்தார். எடிட்டர் வேறு வேலைக்குப் போய்விட்டாள். டச்சக்கா வழக்கம்போல மேசையில் உட்கார்ந்து திருத்தினாள். ஒரு சின்ன மாற்றம் மட்டும் உண்டு. முதலில் வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பிறகுதான் வினைச்சொல்லைத் தேடினாள். மாமனார் செத்ததாக எழுதிய ஒருவனுக்கு ஓரத்தில் ஒரு வரி ஆறுதல் எழுதினாள். வேலை பாதி வேகத்தில்தான் நடந்தது.

இரண்டு மாதம் கழித்து, காலைத் தட்டில் நாலாவதாக ஒரு சந்தேகக் கடிதம் இருந்தது. எழுதியவள் ஒரு நர்ஸ், பாடத்தின் கடைசிவரை வந்துவிட்டவள்.

'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு. இருபத்து நான்காம் பாடத்தில், கடைசிக்கு முந்தின வாக்கியத்துக்குப் பிறகு ஒரு ஐயா பதில் சொல்கிறார். அவர் பேசுவது மிகவும் மெதுவாக இருக்கிறது. ஹெட்போன் போட்டுப் பல தடவை கேட்டு எழுதியிருக்கிறேன். பின்பாதியில் சொல்வரிசை சரிதானா என்று பார்த்துச் சொல்லவும். அவரைக் கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னால் எல்லாருக்கும் உதவியாக இருக்கும்.'

கீழே, குண்டு குண்டான கையெழுத்தில், ஒரே ஒரு டச்சு வாக்கியம். டச்சக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். முதல் பாதி அவளுக்குத் தெரிந்ததுதான். கமாவைத் தாண்ட ஒரு நிமிடம் ஆனது.

'நீ கவனிக்காவிட்டாலும், உட்கார்ந்திருந்தேன் நான் ஆசையாக உன் பக்கத்தில்.'

அறையில் எல்லாரும் வேலையாக இருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அதை மறுபடி படித்தாள், உதடு மட்டும் அசைய, முழுதாக, அவசரப்படாமல். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, அந்த வாக்கியத்தின் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டாள்.